பெட்டி புதுசு, காது பழசு

இசைத்தட்டு சேர்க்கிறவர்கள் இரண்டு பேர் கூடினால் ஒரு வசனம் தவறாமல் வந்துவிடுகிறது: "விலை கூடத்தானுங்க, ஆனா ரீமாஸ்டர்ல முன்னாடி கேட்காத வாத்தியமெல்லாம் கேட்குதுங்க." பழைய ஆல்பங்களைச் சீர்செய்து பெட்டியாகக் கட்டி விற்கிறார்களே, அந்தப் பீட்டில்ஸ் பெட்டி வாங்கியவரும் இதைத்தான் சொல்கிறார், பிங்க் ஃபிளாய்டு பெட்டி வாங்கியவரும் இதைத்தான் சொல்கிறார். யூடியூபில் யாரோ 'ரீமாஸ்டர்' என்று பெயர் போட்டு ஏற்றிய இளையராஜா பாட்டைக் கேட்டவரும் இதையேதான் சொல்கிறார். அந்தப் பாட்டு மூல டேப்பிலிருந்து எடுத்ததா, தேய்ந்த கேசட்டிலிருந்து எடுத்ததா என்று ஒருவரும் கேட்பதில்லை. திருப்பூர், காங்கயம், வெள்ளகோவில் வட்டாரத்தில் நூல் வாங்கினால் கவுண்ட் சரியா என்று பத்து தடவை பார்ப்பார்கள். அதே ஆட்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அட்டையில் அச்சடித்ததை அப்படியே நம்புவதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஸ்டுடியோவில் தனித்தனியாகப் பதிவான குரலையும் கிதாரையும் டிரம்ஸையும் சேர்த்து, இடம் வலம் என்று இரண்டு தடங்களாக்குவது மிக்ஸிங். அப்படி முடிந்த டேப்பை எடுத்து, மொத்தச் சத்தத்தையும் பேஸ், ட்ரெபிள் அளவையும் சரிபார்த்துத் தட்டுக்கு அனுப்புவது மாஸ்டரிங். ரீமாஸ்டர் என்பது இந்த இரண்டாவது வேலையை மறுபடி செய்வது, அவ்வளவுதான். மிக்ஸில் அடங்கிப்போன ஒரு வயலினை மட்டும் தனியாகத் தூக்கிவிட அதில் வழி கிடையாது. அப்படியானால் கேட்பவர் பொய் சொல்கிறாரா? இல்லை, அவருக்குக் கேட்கத்தான் செய்கிறது. காரணம் அவருடைய காது. 1933-இல் பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள்: சத்தம் குறைவாக இருக்கும்போது மனிதக் காது அடிச்சுருதியையும் உச்சசுருதியையும் சரியாக வாங்காது, சத்தம் ஏற ஏற இரண்டும் தெளியும். ஆகவே அதே பாட்டை மூன்று நான்கு டெசிபல் கூட்டி வைத்தாலே பேஸ் கனக்கும், ஜால்ரா மினுங்கும், பின்னணியில் கிடந்த வாத்தியம் மேலே வரும். உங்கள் ஆம்ப்ளிஃபையரில் வால்யூம் குமிழைக் கொஞ்சம் திருகினால் இது ஓசியில் கிடைக்கும்.

தொண்ணூறுகளுக்குப் பிறகு வந்த ரீமாஸ்டர்களில் பெரும்பகுதி செய்த காரியம் இதுதான். டிஜிட்டலில் சத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்ட முடியாது. அதனால் டிரம்ஸ் அடியின் உச்சியை லிமிட்டர் போட்டு நசுக்கிவிட்டு, மற்றதையெல்லாம் மேலே தூக்குகிறார்கள். மெல்லிய இடத்துக்கும் முழங்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. புது ஆல்பங்களையும் இந்த வியாதி விடவில்லை. 2008-இல் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' வந்தபோது, சி.டி.யைவிட 'கிட்டார் ஹீரோ' வீடியோ விளையாட்டில் இருந்த அதே பாட்டுகள் நன்றாக இருக்கின்றன என்று ரசிகர்களே சண்டைக்குப் போனார்கள். விளையாட்டில் இருந்தது அந்த நசுக்கல் படாத வடிவம். சந்தேகம் இருந்தால் பழைய சி.டி.யையும் புதியதையும் எடுத்து, சத்தத்தை மீட்டர் வைத்துச் சமமாக்கி, எது எதென்று தெரியாமல் மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள். முன்பு கேட்காத வாத்தியத்தில் பாதி அங்கேயே காணாமல் போய்விடும்.

'கர்ணன்' படம் சீர்செய்த பிறகு நன்றாக வரவில்லையா என்று கேட்பார்கள். வந்தது. 1964-இல் வந்த படத்தைப் படத்தோடு ஒலியையும் சீர்செய்து 2012-இல் வெளியிட்டபோது கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். ஆனால் கீறலையும் இரைச்சலையும் பொறுமையாக நீக்குவது வேறு வேலை, சத்தத்தை ஏற்றி விற்பது வேறு வேலை. 2023-இல் வந்த பீட்டில்ஸின் 'நௌ அண்டு தென்' பாட்டில், பழைய கேசட்டிலிருந்து ஜான் லெனனின் குரலைக் கணினி கொண்டு பிரித்தெடுத்தார்களே என்பது அடுத்த கேள்வி. அதுவும் உண்மை, ஆனால் அது ரீமாஸ்டர் இல்லை, புதிதாகச் செய்த மிக்ஸ். 'சார்ஜண்ட் பெப்பர்' ஆல்பத்தை 2017-இல் தயாரிப்பாளர் ஜைல்ஸ் மார்ட்டின் செய்து தந்ததும் அப்படித்தான். அதற்குக் காசு கொடுங்கள், தப்பில்லை. நேர்மையான ரீமாஸ்டரும் உண்டு: பீட்டில்ஸின் 2009 மோனோ பெட்டிக்கு அபே ரோடு ஸ்டுடியோ பொறியாளர்கள் லிமிட்டரே போடவில்லை. அடக்கமாக ஒலிக்கும் அந்தப் பெட்டியை ஆறு பேர் நடுவில் போட்டால் முதல் நிமிடத்தில் யாரும் வாய் பிளக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். 180 கிராம் வினைல் தட்டில் பள்ளம் ஆழமாக இருக்கும் என்பது கதை. கனம் கூடினால் தட்டு கனக்கும். வினைல் என்றாலே டிஜிட்டல் படாதது என்பதை 2022-இல் தட்டு வெளியிடும் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனமே உடைத்துவிட்டது. 2011 முதலே தாங்கள் இடையில் டிஜிட்டல் படியைச் சேர்த்துவந்ததை ஒப்புக்கொண்டார்கள். அதுவரை 'அனலாக் வாசனை' பிடித்துவந்த எந்தப் பொன்காதும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. பெட்டிக்குள் இருக்கும் சாமான்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: 2011-இல் வந்த பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைடு ஆஃப் தி மூன்' பெட்டியில் கோலிக்குண்டும் கழுத்துத் துணியும் வைத்திருந்தார்கள். கழுத்துத் துணிக்கு என்ன அடக்கவிலை என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியாக, 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று விற்கும் உயர்தர ஒலி. சாதாரண சி.டி.யின் 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவே சுமார் 22,000 ஹெர்ட்ஸ் வரை பிடித்துவிடும். நல்ல இளங்காதுக்கே எல்லை 20,000 தான், வயது ஏற ஏற அதுவும் இறங்கும். 2007-இல் மேயரும் மோரனும் நடத்திய சோதனையில், உயர்தர ஒலியை சி.டி. தரத்துக்கு இறக்கியபோதும் கேட்டவர்களால் வித்தியாசம் பிடிக்க முடியவில்லை. தறி ஓடும் நம் வட்டாரத்தில் காதுகளின் நிலைமை இன்னும் மோசம். நாடாத் தறி ஓடும் குடோனுக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். இந்தியத் தொழிற்சாலை விதியில் எட்டு மணி நேர வேலைக்கு 90 தான் எல்லை. அந்தச் சத்தம் முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை. பேச்சில் ச, ஸ, ஷ மங்குவதும் பாட்டில் ஜால்ரா மங்குவதும் அதற்குப் பிறகுதான் தெரியவரும், அப்போது மருந்து கிடையாது. தறி ஓட்டுகிறவர், தறி முதலாளி, குடோன் கணக்குப்பிள்ளை யாராக இருந்தாலும் உள்ளே போகும்போது காதில் நுரைப் பஞ்சு அடைப்பான் வைத்துக்கொள்ள வேண்டும். ஜோடி ஒரு டீ வடை காசுதான். ஒரு பெட்டியின் விலைக்கு ஒரு குடோன் ஆட்களுக்கு வருஷம் முழுக்க வாங்கித் தரலாம். பெட்டிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர், முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆடியோகிராம் எடுத்துக்கொண்டு பிறகு ஆர்டர் போடட்டும்.