சூடு காட்டும் முன் அளந்து பாருங்கள்

செத்துப்போன கிராபிக்ஸ் கார்ட் ஒன்று மேசைக்கு வந்தால் கை முதலில் மல்டிமீற்றரைத்தான் தேட வேண்டும். ஹொட் எயார் கடைசியில். ஸ்காபரோவில் வீட்டுப் பேஸ்மென்டில் இருந்துகொண்டு பல வருடங்களாக இந்தத் திருத்து வேலையைச் செய்கிறேன். பழக வரும் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். யூடியூப்பில் அவர்கள் பார்ப்பது ஃப்ளக்ஸ் புகைவதும் சிப் கழன்று வருவதும். அதில் ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு, நேரத்தில் பெரும்பகுதி அளப்பதிலேயே போகும் என்பது முதலில் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் என் மேசைக்கு வந்த கார்ட்கள் அநேகமானவற்றில் நடுவில் இருக்கும் பெரிய சிப் நன்றாகவே இருந்தது. அதற்கு மின்சாரம் கொடுக்கிற சின்னப் பாகம் ஏதோ ஒன்றுதான் போயிருந்தது. அளக்காமல் சூடு காட்டினால், நன்றாக இருக்கிற அந்தச் சிப்பையும் சேர்த்துக் கொன்றுவிடுவோம்.

மீற்றரை எடுப்பதற்கு முதல் விசாரிக்க வேண்டும். பொதுவாக இப்படித்தான் பேச்சுத் தொடங்கும்.

“அண்ணை, நேற்று இரவு வரைக்கும் நல்லா ஓடினது. இண்டைக்குக் காலமை படமே வரேல்லை.”

“கடைசியா என்ன மாத்தினீர் தம்பி? வீடு கீடு மாறினதோ?”

“போன கிழமைதான் ஏஜாக்ஸுக்கு மாறினனாங்கள். கம்பியூட்டரை வானிலதான் கொண்டு போனது.”

இந்த ஒரு பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும். இப்போதைய கார்ட்கள் ஒன்றரைக் கிலோ, இரண்டு கிலோ என்று நிறை கூடியவை. கணினியை நிமிர்த்தி வைத்தபடி வானில் ஏற்றினால், குழிவிழுந்த வீதியின் ஒவ்வொரு குலுக்கலும் கார்ட் ஸ்லொட்டில் செருகியிருக்கிற இடத்தில்தான் இறங்கும். போர்டின் அடி விளிம்பில், ஸ்லொட்டின் பூட்டு மாட்டுகிற கொக்கிக்குப் பக்கத்தில், மயிரிழை போல ஒரு வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பல அடுக்குகளாகச் செய்த போர்ட் அது. உள்ளடுக்கில் இருக்கும் செப்புக் கோடு அறுந்திருந்தால் நான் காசு வாங்கமாட்டேன், திருத்தத் தொடங்கவும் மாட்டேன். வீடு மாறுகிறவர்கள் கார்டைக் கழற்றித் தனியாகப் பொதி செய்யுங்கள். கழற்றத் தெரியாவிட்டால் கணினியைப் படுக்க வைத்துக் கொண்டுபோங்கள்.

விளிம்பிலேயே பார்க்க வேண்டியது இன்னொன்று உண்டு. தங்க நிறப் பற்களுக்குச் சற்று மேலே கடுகளவு கப்பாசிற்றர்கள் வரிசையாக இருக்கும். தரவு போய்வருகிற வழி அது. கார்டை அவசரமாகச் செருகும்போது ஒன்று உரசுப்பட்டுக் கழன்றால் கார்ட் சாகாது, ஆனால் பதினாறு வழியில் பேச வேண்டியது எட்டில் பேசும். ஜிபியு-இசட் மென்பொருளில் ‘எக்ஸ்16’ என்று வர வேண்டிய இடத்தில் ‘எக்ஸ்8’ வந்தால் இந்த வரிசையை உருப்பெருக்கியில் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற கார்ட் என்றால் மின்செருகியையும் பார்க்க வேண்டும். 600 வாட் வரை தாங்க வேண்டிய அந்தப் பதினாறு முனைச் செருகி, 2022 ஒக்ரோபரில் கார்ட் சந்தைக்கு வந்த சில நாட்களிலேயே சிலரிடம் உருகத் தொடங்கியது. 2023இல் வடிவத்தைத் திருத்தி, முழுதாகச் செருகாவிட்டால் கார்ட் அதை உணரும்படி செய்தார்கள். பழைய செருகி வைத்திருப்பவர்கள் இடைவெளி தெரியாத வரைக்கும் அழுத்திச் செருகுங்கள். வயரைச் செருகிக்குப் பக்கத்திலேயே மடிக்காதீர்கள்.

இனி அளவு. கணினியிலிருந்து கார்ட்டுக்கு வருவது முக்கியமாக 12 வோல்ட். ஸ்லொட் வழியாக 75 வாட், ஆறு முனைச் செருகியில் 75, எட்டு முனையில் 150. ஆனால் சிப்பின் கோருக்குத் தேவை ஏறத்தாழ 1 வோல்ட்தான். ஜிடிடிஆர்6 மெமரிக்கு 1.35, இன்னும் 1.8, 5 என்று சில்லறை மின்வரிகள். 300 வாட் வாங்குகிற சிப்புக்கு அதை 1 வோல்டில் கொடுப்பதென்றால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓட வேண்டும். அதனால்தான் சிப்பைச் சுற்றி மொஸ்ஃபெட், சுருள், கப்பாசிற்றர் என்று ஒரே மாதிரியான கூட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு கூட்டமும் ஒரு ஃபேஸ். மேல் மொஸ்ஃபெட் 12 வோல்டைத் திறந்து மூடும், கீழ் மொஸ்ஃபெட் கிரவுண்டோடு சேர்க்கும், சுருள் அதைச் சமப்படுத்தி 1 வோல்ட் ஆக்கும்.

கார்டில் மின்சாரம் இல்லாதபோது ஒவ்வொரு வரிக்கும் கிரவுண்டுக்கும் இடையில் தடையை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 12 வோல்ட் வரியில் ஆயிரக்கணக்கான ஓம் காட்ட வேண்டும். மெமரி வரியில் பெரும்பாலும் பத்துக்கணக்கில் வரும். கோர் வரியில் பெரிய சிப் என்றால் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டும். புதியவர்கள் இந்த இடத்தில்தான் கோர் ஷோர்ட் என்று முடிவு கட்டி நல்ல கார்டைக் குப்பையில் போடுகிறார்கள். பெரிய சிப்பின் இயல்பான தடையே அவ்வளவுதான். மீற்றரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு, வயரின் சொந்தத் தடை எவ்வளவு என்று பார்த்துக் கழித்த பிறகுதான் எதையும் நம்ப வேண்டும். அதே மொடல் நல்ல கார்ட் ஒன்றின் அளவு கையில் இருந்தால் அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

12 வோல்ட் வரி ஆயிரக்கணக்கில் காட்டாமல் அரை ஓம் காட்டுகிறது, கோரும் அதே அரை ஓம்தான் காட்டுகிறது என்றால் யோசியுங்கள். மேல் மொஸ்ஃபெட் ஒன்று உள்ளுக்குள் ஒட்டிப்போய், 12 வோல்ட் வரி சுருள் வழியாகக் கோரோடு நேராகச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். 1 வோல்ட் குடிக்கிற சிப்புக்குள் 12 வோல்ட் போயிருக்கலாம். சில கார்டில் ஃபியூஸ் முதலில் எரிந்து சிப்பைக் காப்பாற்றியிருக்கும். இதனால்தான் எரிந்த ஃபியூஸைக் கண்டவுடன் புதியது போட்டுச் சுவிட்சை அழுத்தக் கூடாது. அது ஏன் எரிந்தது என்று தெரியாமல் மாற்றினால், மிஞ்சியிருந்த பாதுகாப்பையும் நாமே எடுத்துவிடுகிறோம். 12 வோல்ட் வரி கோரையும்விடக் கீழே, சுழியத்தை ஒட்டிக் காட்டினால் கப்பாசிற்றர் ஒன்று ஷோர்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். இது நல்ல செய்தி.

அந்தக் கப்பாசிற்றரைக் கண்டுபிடிக்கிற முறையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த இடம் அது. மேசை மின்வழங்கியை 1 வோல்டுக்கு மேல் போகாதபடி வைத்து, ஆம்பியரைக் குறைவாகத் தொடங்கி, பழுதான வரிக்குள் செலுத்துங்கள். 12 வோல்ட் வரிதானே, 12 கொடுக்கலாமே என்று நினைக்காதீர்கள். மேல் மொஸ்ஃபெட்டும் ஒட்டியிருந்தால் நீங்கள் கொடுப்பது நேரே கோருக்குப் போகும். 1 வோல்டைக் கோர் தாங்கும், 12ஐத் தாங்காது. பிறகு 99 வீத ஐசோபுரொப்பைல் அற்ககோலைச் சந்தேகமான பகுதியில் மெல்லியதாகப் பூசுங்கள். போர்ட் முழுக்க ஈரமாக மின்னும். ஆம்பியரைச் சற்றே கூட்டினால், ஓரிடத்தில் மட்டும் ஈரம் வட்டமாக விலகிக் காயும். அந்த வட்டத்தின் நடுவில் எள்ளளவில் ஒரு கப்பாசிற்றர் இருக்கும். பார்வைக்கு அதில் ஒரு குறையும் தெரியாது. அதைக் கழற்றிவிட்டு மீற்றரை வைத்தால் தடை ஆயிரங்களுக்கு ஏறும். வெப்பக் கமரா இருந்தால் இன்னும் சுலபம், ஆனால் அற்ககோலோடு தொடங்கியவர்களுக்குப் போர்ட் நன்றாகப் பழகிவிடும்.

இவ்வளவையும் விட்டுவிட்டு கார்டை அவணில் வைத்துச் சுட்டால் சரிவரும் என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. சுட்ட பிறகு சில கார்ட் உயிர்பெறுவது உண்மைதான், சில நாளில் மறுபடி சாகும். காரணம் இருக்கிறது. ஐரோப்பாவில் 2006 ஜூலையில் ஈயக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்த பிறகு, ஈயமில்லாத சோல்டருக்கு மாறினார்கள். அது உருக 217 பாகை செல்சியஸ் வேண்டும், பழைய ஈயச் சோல்டருக்கு 183 போதும். வீட்டு அவணில் 200 பாகையில் சுட்டால் போர்டுக்கும் சிப்புக்கும் இடையிலுள்ள சோல்டர் உருகவே உருகாது. உண்மையான வெடிப்பு அதற்கும் மேலே, சிலிக்கன் துண்டுக்கும் அதைத் தாங்கும் தட்டுக்கும் நடுவிலுள்ள நுண்ணிய இணைப்பில் இருக்கும். சூட்டில் அது சற்று நெளிந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொள்கிறது. 2008 ஜூலையில் என்விடியா தன் மடிக்கணினிச் சிப்களில் இப்படியான பொதியக் குறைபாடு இருப்பதை ஒப்புக்கொண்டு 150 முதல் 200 மில்லியன் டொலர் வரை ஒதுக்க வேண்டியிருந்தது. எக்ஸ்பாக்ஸ் 360இன் ‘சிவப்பு வளையம்’ என்ற பழுதுக்காக மைக்ரோசொஃப்ட் 2007இல் ஒதுக்கியது ஒரு பில்லியனுக்கும் மேல். சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து பாகத்துக்கு உள்ளேயே இணைப்புகள் முறிந்தன என்று 2021இல் வந்த ஆவணப்படத்தில் அவர்களே சொன்னார்கள்.

அந்த எக்ஸ்பாக்ஸின் கிராபிக்ஸ் சிப்பை வடிவமைத்தது ஏடிஐ. 1985இல் கே. வை. ஹோவும் அவரது நண்பர்களும் ரொறன்ரோவை ஒட்டித் தொடங்கி மார்க்கத்தில் வளர்த்த நிறுவனம். 2006இல் ஏஎம்டி அதை ஏறத்தாழ 5.4 பில்லியன் டொலருக்கு வாங்கியது. மார்க்கத்தில் இன்றும் ஏஎம்டியின் பெரிய அலுவலகம் இருக்கிறது. எங்கள் வீடுகளிலிருந்து சற்றுத் தூரத்தில் உலகத்துக்கான ரேடியொன் சிப்களை வடிவமைக்கிறார்கள். அதே ஊரில் ஒரு கப்பாசிற்றர் போன ரேடியொன் குப்பைக்குப் போகிறது. இதை நினைத்தால் எனக்கு மனவருத்தமாக இருக்கும். அவண் பேச்சுக்குத் திரும்பினால், ஒரு வார்த்தை: பிள்ளைகளுக்குச் சமைக்கிற அவணுக்குள் எந்தப் போர்டையும் வைக்காதீர்கள். எரிந்த ஃப்ளக்ஸும் பிளாஸ்ரிக்கும் விடுகிற புகை சோற்றோடு சேர வேண்டியதில்லை.

திரையில் கட்டங்களும் நிறப்பொட்டுகளும் வந்தால் பெரும்பாலும் மெமரி. எந்தச் சிப் பழுது என்று காட்டுகிற சோதனை மென்பொருள்கள் உண்டு; அவை சுட்டிக்காட்டிய சிப்பை மட்டும் தொடுங்கள். ஜிடிடிஆர்6 சிப் ஒன்றின் அடியில் 180 சோல்டர் உருண்டைகள். கீழிருந்து போர்ட் முழுவதையும் நிதானமாகச் சூடாக்கி, மேலிருந்து கொஞ்சமாகச் சூடு கொடுத்தால் சிப் தானாகவே மிதக்கும். இழுத்தால் போர்டின் பட்டைகள் சிப்போடு சேர்ந்து வந்துவிடும். மாற்றுச் சிப் அதே கம்பனி, அதே கொள்ளளவாக இருக்கட்டும்.

ரொறன்ரோவின் பனிக்காலத்துக்கென்று சில பழக்கங்கள் வேண்டும். ஃபர்னஸ் ஓடும் வீட்டில் காற்று காய்ந்துபோய், கம்பளத்தில் நடந்து கதவுப் பிடியைத் தொட்டாலே சுளீரென்று அடிக்கும். உங்கள் விரலுக்கு அது ஒரு சிமிட்டல், சிப்புக்கு அது மரணமாகலாம். கைப்பட்டியைக் கிரவுண்டில் மாட்டுங்கள், அறையில் ஈரப்பதமூட்டி வையுங்கள். காரில் உறைந்துகிடந்த கார்டை வீட்டுக்குள் கொண்டுவந்தவுடன் பையைத் திறக்காதீர்கள். வெதுவெதுப்பான காற்றின் ஈரம் போர்டில் வியர்வையாகப் படியும். பையோடேயே அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். ஜன்னல் திறக்க முடியாத மாதங்களில் ஃப்ளக்ஸ் புகைக்கு ஒரு உறிஞ்சி கட்டாயம். இதில் காசு மிச்சம்பிடிக்காதீர்கள், நுரையீரலுக்கு உதிரிப்பாகம் கிடைக்காது.

கிஜிஜியில் பழைய கார்ட் வாங்குகிறவர்கள் என்னிடம் கேட்பது, மைனிங் செய்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான். 2022 செப்ரெம்பர் 15இல் கிரிப்டோ நாணயமான எதீரியம் மைனிங் தேவையில்லாத முறைக்கு மாறிய பிறகு மைனிங் கார்ட்கள் சந்தையில் குவிந்தன. மைனிங் செய்தது என்பதற்காகவே ஒதுக்கத் தேவையில்லை. இரவும் பகலும் ஒரே சூட்டில் ஓடிய கார்ட், சூடாகிக் குளிர்கிற விளையாட்டுக் கார்டைவிட இணைப்புகளில் குறைவாகவே களைத்திருக்கும் என்பது என் கருத்து. தேய்வது விசிறியும் தெர்மல் பாடும். முக்கியமாக ஆர்டிஎக்ஸ் 3080, 3090 இரண்டிலும் மெமரிச் சூட்டைப் பாருங்கள். 110 பாகையைத் தொட்டால் கார்ட் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பாட் மாற்றும்போது பழையதன் தடிப்பைக் கவனமாக அளந்து அதே தடிப்பில் போடுங்கள். அரை மில்லிமீற்றர் கூடினாலும் ஹீட் சிங்க் சிப்பில் சரியாக உட்காராது.

சட்டமும் கொஞ்சம் எங்கள் பக்கம் வந்திருக்கிறது. 2024 நவம்பர் 7இல் கனடாவின் சி-244 சட்டமூலம் அரச ஒப்புதல் பெற்றது. பழுதைக் கண்டறியவும் பராமரிக்கவும் திருத்தவும் மென்பொருள் பூட்டைத் தாண்டுவது இனிப் பதிப்புரிமை மீறல் இல்லை. ஆனால் மின்சுற்று வரைபடத்தையும் உதிரிப்பாகத்தையும் தா என்று கம்பனியை அது கட்டாயப்படுத்தவில்லை, எங்களுக்கு அதிகம் தேவைப்படுவதோ அதுதான். அதுவரைக்கும் செத்த கார்ட்களைச் சேர்த்து வைப்பதே வழி. ஒரே மொடலில் கோர் செத்த ஒன்று இருந்தால், அதன் மொஸ்ஃபெட்டும் மெமரியும் இன்னொன்றைப் பிழைக்க வைக்கும். 2013இலிருந்து நடக்கும் ரிப்பேர் கஃபே ரொறன்ரோ போன்ற தொண்டர் கூட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள்; மற்றவர் எப்படிப் பழுதைத் தேடுகிறார் என்று பக்கத்தில் நின்று பார்ப்பது நல்ல பயிற்சி.

பழகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் கார்ட் ரேடியொன் ஆர்எக்ஸ் 580. செத்தது மலிவாகக் கிடைக்கும், மெமரி ஜிடிடிஆர்5 என்பதால் வேலை சற்று இலகு. வாங்கியவுடன் ஒன்றையும் கழற்றாமல் எல்லா வரியையும் அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். திருத்தி முடித்த கார்டை உடனே திருப்பிக் கொடுக்காதீர்கள். சில மணிநேரம் முழுப் பாரத்தில் ஓடவிட்டு, மெமரிச் சோதனை வைத்து, இரவு முழுக்க அணைத்துவிட்டு, காலையில் குளிர்ந்த நிலையில் மறுபடி ஏற்றிப் பாருங்கள். சூடாக இருக்கும்போது படம் தந்து, குளிர்ந்தபின் தராமல் போனால் இணைப்பு ஒன்று எங்கோ விட்டுவிட்டுத் தொடுகிறது என்று அர்த்தம். உரியவரிடம் தொலைபேசியில் அதைச் சொல்லிவிட்டு, மீற்றரோடு மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்குங்கள்.