பேனல் கூடினால் இன்வெர்ட்டர் எரியுமா?

கேள்வி: மின்வாரிய இணைப்போடு ஓடும் 5 கிலோவாட் சோலார் இன்வெர்ட்டருக்கு 540 வாட் பேனல் 11 போடச் சொல்கிறார்கள். மொத்தம் 5.94 கிலோவாட். இன்வெர்ட்டர் தாங்குமா?

பதில்: தாராளமாகத் தாங்கும். 540 வாட் என்பது பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்த கணக்கு. நம்மூர் மொட்டைமாடியில் நண்பகலில் பேனலின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் திறன் குறையும். தூசி, ஒயர் இழப்பு வேறு. உங்கள் 5.94 பெரும்பாலும் 5-ஐ ஒட்டியே நிற்கும். மீறினாலும் இன்வெர்ட்டர் 5 கிலோவாட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். காலையிலும் மாலையிலும் கூடுதல் யூனிட் கிடைப்பது லாபம்.

நான் பயப்படச் சொல்வது வோல்டேஜுக்கு. சுமையில்லாதபோது இந்தப் பேனல் ஒன்று ஏறக்குறைய 49.5 வோல்ட் தரும். 11-ஐத் தொடராக இணைத்தால் 545 வோல்ட்; 12 என்றால் 594. குளிரில் இது இன்னும் ஏறும். 10 டிகிரிக்கு இறங்கும் ஊட்டிக் காலையில் அந்த 12 பேனல் 618-ஐத் தொட்டுவிடும். இன்வெர்ட்டரின் உச்சவரம்பு 600 வோல்ட் என்றால் அது உண்மையிலேயே எரிந்துபோகலாம், வாரண்டியும் கிடைக்காது. பேனலின் ஆம்பியரையும் பாருங்கள்: இந்த ரகம் 13 ஆம்பியர் தரும், பழைய இன்வெர்ட்டர்கள் சில 12.5-க்கு மேல் வாங்காது. இரண்டு எண்ணும் டேட்டா ஷீட்டில் இருக்கும். முன்பணம் கொடுக்குமுன் கேட்டு வாங்கிப் பாருங்கள்.