இருமினால் சிறுநீர் கசிகிறதா? வெட்கம் வேண்டாம்



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், பிள்ளைகள் படிப்பு எல்லாம் பேசுகிறோம். சிறுநீர்க் கசிவைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. "புள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். பஸ் ஏறப் பயம், வில்லியனூர் தேருக்குப் போகவும் தயக்கம். இது விதி இல்லை, குணப்படுத்தக்கூடிய கோளாறு.

ஏன் கசிகிறது?

சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் தூளித் துணி போல அடியில் தாங்குவது இடுப்பு அடித்தசை. அது தளர்ந்தால் இருமும்போதும், தும்மும்போதும், குடம் தூக்கும்போதும் கசியும். தளரக் காரணங்கள்:

* பல பிரசவம், நீண்ட பிரசவ வலி, ஆயுதப் பிரசவம்
* பிரசவத்துக்குப் பின் ஓய்வில்லாமல் பாரம் தூக்குவது
* தீராத இருமல், மலச்சிக்கல், அதிக எடை
* மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவது

இன்னொரு வகையும் உண்டு. "வந்தா அடக்க முடியல, போறதுக்குள்ள போயிடுது" என்பார்கள். இதற்கு சிறுநீர்த் தொற்று, சர்க்கரை நோய், சிறுநீர்ப்பை அடிக்கடி சுருங்குவது காரணமாகலாம். சில பிரஷர் மாத்திரைகளாலும் வரும். ஆனால் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

தண்ணீரைக் குறைக்கலாமா?

நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறபோது ஒதுங்க இடமில்லை என்று பலர் தண்ணீரே குடிப்பதில்லை. இது தப்பு. சிறுநீர் கெட்டியாகி எரிச்சல் கூடும், தொற்று வரும், மலச்சிக்கலும் சேரும். டீ, காபியைக் குறைத்தால் போதும்.

வீட்டிலேயே பயிற்சி

அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-ல் எழுதி வெளியிட்ட பயிற்சி இது. செலவில்லை. சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல் அடித்தசையை உள்ளே இழுங்கள். 5 எண்ணும்வரை பிடித்து, 5 எண்ணும்வரை தளர விடுங்கள். ஒரு வேளைக்கு 10 முறை, தினம் 3 வேளை. மூச்சை அடக்க வேண்டாம். சிறுநீர் கழிக்கும்போது செய்ய வேண்டாம். 3 மாதம் விடாமல் செய்தால் பலருக்குக் கசிவு நன்றாகக் குறையும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

எரிச்சல், சிறுநீரில் ரத்தம், அடியில் ஏதோ இறங்குவது போன்ற உணர்வு, பிரசவத்துக்குப் பின் ஓயாமல் ஒழுகுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். முதலில் பக்கத்து அரசு சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மேல் சிகிச்சைக்கு புதுச்சேரி எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையும், கோரிமேட்டில் ஜிப்மரும் இருக்கின்றன.

அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். தனியாகப் போகக் கூச்சப்படும் சகோதரிக்குத் துணையாக ஒருவர் போங்கள். அதுவும் குழு வேலைதானே!