நீலப் புள்ளி சாட்சி இல்லை

வீடு மாறும்போது வைஃபை ரௌட்டரையும் கையோடு எடுத்துப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் போன் பழைய வீட்டிலேயே இருப்பதாகச் சத்தியம் செய்யும்.

நான் தமிழ் மீடியம் டீச்சர். கொழிஞ்சாம்பாறையிலிருந்து மறையூருக்கு டிரான்ஸ்ஃபர். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு வழியாக டெம்போவில் சாமான் வந்தது. ரௌட்டரும் எக்ஸ்டெண்டரும் புது வீட்டில் ஓடத் தொடங்கின. சுற்றிலும் கரும்புக் காடு, வேறு வைஃபை கிடையாது.

அன்று ராத்திரி கோயம்புத்தூரிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். லைவ் லொகேஷன் அவரே கேட்டு வாங்கியது. "ஏம்மா, மறையூர்ல இருக்கேங்கற, இங்க கொழிஞ்சாம்பாறைன்னு காட்டுதே. யார் வீட்ல இருக்க?" அந்தக் கடைசிக் கேள்வியை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்டினேன். சுவரை வைத்து எந்த ஊரென்று எப்படிச் சொல்வது என்றார். கூடப் பிறந்தவளின் பேச்சைவிட மேப்பு பெரிதாகிவிட்டது. பேச்சு மாமியார் வீடு வரை போனது.

மொபைல் கடைக்காரர் ஒருவர் போனைத் திறக்காமலேயே ஜிபிஎஸ் போய்விட்டது, போர்டு மாற்ற வேண்டும் என்றார். முற்றத்தில் நின்றால் மேப்பில் நீலப் புள்ளி மறையூருக்கு வருகிறது, உள்ளே போனால் கொழிஞ்சாம்பாறைக்கு ஓடுகிறது என்றேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. விடையே அதில்தான் இருந்தது.

கான்கிரீட் கூரைக்கு அடியில் சாட்டிலைட் சிக்னல் சரியாகக் கிடைக்காது. அப்போது போன் பக்கத்திலுள்ள வைஃபை பெட்டிகளைப் பார்க்கும். ஒவ்வொரு பெட்டியும் நொடிக்குச் சுமார் 10 முறை தன் அடையாள எண்ணைக் காற்றில் விடுகிறது. அதைப் பிடிக்க பாஸ்வேர்டு வேண்டாம். அந்த எண்கள் எந்த இடத்தில் இருக்கின்றன என்ற பட்டியல் கூகுளிடமும் ஆப்பிளிடமும் இருக்கிறது. தெருவில் போகிற வருகிறவர்களின் போன்களே அதை நிரப்பித் தருகின்றன. என் இரண்டு பெட்டிகளும் அதில் கொழிஞ்சாம்பாறைக் கணக்கில் இருந்தன. ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் கணக்குத் திருந்த நாளாகும்.

அந்தப் பட்டியலில் என் வீட்டை ஏற்ற என்னை யாரும் கேட்கவில்லை. 2024இல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆப்பிளின் பட்டியலைத் துருவி, 200 கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளின் இடத்தைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். பெட்டி இடம் மாறினால், குடும்பம் எங்கே போனது என்பதும் அதில் தெரிந்துவிடும்.

வைஃபை பெயரின் கடைசியில் ஒரு அண்டர்ஸ்கோர் போட்டு, ஆங்கிலச் சின்ன எழுத்தில் 'நோமேப்' என்று சேர்த்துவிடுங்கள். கூகுள் 2011 முதலும், ஆப்பிள் 2024 முதலும் அந்தப் பெட்டியைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆண்ட்ராய்டு போனில் லொகேஷன் செட்டிங்ஸுக்குள் 'வைஃபை ஸ்கேனிங்' இருக்கும். அதை நிறுத்தாவிட்டால், வைஃபையை ஆஃப் செய்த பிறகும் போன் பெட்டிகளைத் தேடிக்கொண்டே இருக்கும்.

அண்ணனுக்குக் கொடுத்த லைவ் லொகேஷனை நிறுத்திவிட்டேன். கேட்டால், கூப்பிட்டுப் பேசுங்கள், எங்கே இருக்கிறேன் என்று நானே சொல்கிறேன் என்பேன்.