அடைக்கோழியும் கூட்டத்துச் சண்டையும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

முட்டையிட்டு முடித்த நாட்டுக்கோழி ஒரு நாள் கூட்டை விட்டு இறங்க மறுக்கும். கை நீட்டினால் உடம்பைச் சிலிர்த்து உறுமும், கொத்தவும் வரும். நடக்கும்போது ஒரே சுரத்தில் கேறிக்கொண்டே நடக்கும். இதுவே அடை படுத்தல். கொங்குப் பக்கத்தில் அவயம் என்பார்கள். தமிழ்நாட்டு வீடுகளில் கோழி வளர்ப்பு பெரும்பாலும் இந்த ஒரு குணத்தை நம்பியே தலைமுறை தலைமுறையாக நடந்து வந்திருக்கிறது. அதனாலேயே இதைச் சுற்றி நம்பிக்கைகளும் நிறைய. சில தீங்கில்லாதவை, சில கோழியை வதைப்பவை.

“அடைக்கோழிக்கு உடம்பெல்லாம் காய்ச்சல்”

அடை படுத்த கோழியின் வயிற்றுக்கு அடியில் கை விட்டால் சுடும். அது காய்ச்சல் அல்ல. கோழியின் இயல்பான உடல் வெப்பமே சுமார் 41 டிகிரி செல்சியஸ். 37 டிகிரி உள்ள மனிதக் கைக்கு எந்தக் கோழியும் சுடத்தான் செய்யும். அடைக் காலத்தில் வயிற்றுப் பகுதி இறகுகள் உதிர்ந்து, தோலுக்கு அடியில் ரத்த ஓட்டம் கூடும். அதனால் இறகின் தடுப்பு இல்லாமல் கை நேராகத் தோலைத் தொடுகிறது. முட்டைக்கு வேண்டிய சூட்டைக் கொடுப்பதற்கென்றே உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது.

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்ற ஹார்மோன் அதிகம் சுரப்பதே அடைக்குக் காரணம். அது சுரக்கச் சுரக்கச் சினைப்பை சுருங்கி முட்டை நிற்கும், கொண்டை வெளிறும், பசி குறையும். நாளுக்கு ஒரு முறை இறங்கி, கொஞ்சம் தின்று, தண்ணீர் குடித்து, நாற்றமடிக்கும் பெரிய எச்சம் ஒன்றைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடும். இதைப் பார்த்து நோய் என்று பயப்பட வேண்டியதில்லை.

ஆபத்து இதற்கு நேர்மாறான தவறில்தான் இருக்கிறது. வெள்ளைக்கழிச்சல் கண்ட கோழியும் மூலையில் ஒடுங்கி உட்காரும். அதை அடை என்று நினைத்து விட்டுவைத்தால் கூட்டமே போய்விடும். இரண்டையும் பிரித்தறிவது எளிது. அடைக்கோழி கை நெருங்கினால் பொங்கி எழும், கண் தெளிவாக இருக்கும். நோய்க்கோழி இறக்கையைத் தொங்கவிட்டுத் தூங்கி விழும், தொட்டாலும் எதிர்க்காது, பச்சையும் வெள்ளையுமாகக் கழியும்.

“மூக்கில் இறகைச் செருகினால் அடை தெளியும்”

குஞ்சு வேண்டாம், முட்டைதான் வேண்டும் என்னும் வீடுகளில் கோழியின் இறகு ஒன்றைப் பிடுங்கி அதன் இரண்டு மூக்குத் துளைகளுக்கும் குறுக்கே செருகிவிடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. கோழி தலையை உதறிக்கொண்டு நாள் முழுக்க அலையும். சில நாளில் அடை தெளிவதும் உண்டு. ஆனால் தெளிய வைப்பது இறகு அல்ல. கூட்டில் உட்காராமல் அலைந்ததால் வயிற்றுச் சூடும் முட்டையின் தொடு உணர்வும் நின்றன, புரோலாக்டின் குறைந்தது. அதே பலனைக் காயமில்லாமலே பெறலாம். இறகு குத்திய துளை வீங்கும், சீழ் பிடிக்கும், சளிக் காலத்தில் மூச்சே முட்டும். ஒரு கோழிக்கு இந்த வேதனையைக் கொடுப்பதற்கு எந்த அவசியமும் இல்லை.

தண்ணீரில் முக்கி எடுப்பதும் இத்தகையதே. நனைந்த வயிறு வெயிலில் காய்ந்ததும் கோழி மறுபடி அதே வைக்கோலுக்குப் போகும். மழைக்கால மாலையில் முக்கினால் குளிர் கண்டு நோயில் விழும். பட்டினி போடுவது இன்னும் மோசம். ஏற்கெனவே அரைத் தீனியில் எடை குறைந்திருக்கும் உடம்பு அது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். அடியில் கம்பிவலை அடித்த கூண்டு ஒன்றைச் செங்கல் வைத்துத் தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி, நிழலும் வெளிச்சமும் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். உள்ளே வைக்கோல், சாக்கு எதுவும் கூடாது. தீனியும் தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும். அடியிலிருந்து காற்று வந்து வயிற்றில் படும். கூடு கட்டிக்கொள்ள எதுவும் இருக்காது. 3 முதல் 5 நாளில் பெரும்பாலான கோழிகள் தெளிந்துவிடும். அடை படுத்த முதல் நாளே பிடித்தால் விரைவில் தெளியும், ஒரு வாரம் கழித்துப் பிடித்தால் நாளாகும். திறந்துவிட்டதும் மேயப் போகாமல் நேரே கூட்டுக்கு ஓடினால் இன்னும் இரண்டு நாள் வைக்க வேண்டியதுதான். அதன்பின் முட்டை தொடங்க இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

அடையைத் தெளிவிப்பதே எப்போதும் லாபம் என்ற எண்ணமும் சரியல்ல. நாட்டுக்கோழி ஓர் ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டையிட்டு அடை படுக்கும். ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை கிடைக்கும். அடைக் குணத்தையே தலைமுறைதோறும் கழித்துக்கட்டி வளர்த்த ஒயிட் லெகார்ன் கோழி ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். ஆனால் குஞ்சுக்கு இன்குபேட்டர் வேண்டும். மின்சாரமும் கருவியும் இல்லாத வீட்டில், நன்றாக அடை படுக்கும் கோழி ஒன்றோ இரண்டோ இருப்பது பெரிய சொத்து. அசில் இனப் பெட்டைகள் இதில் பேர் வாங்கியவை.

“இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகும்”

அடைக் கூடையில் ஆணியோ அரிவாள் துண்டோ, கரி, காய்ந்த மிளகாய் ஆகியவற்றைப் போட்டு வைப்பார்கள். இடியையும் தீட்டையும் அவை தடுக்கும் என்பது நம்பிக்கை. இரும்பும் கரியும் முட்டைக்குக் கெடுதலும் செய்வதில்லை, காவலும் இருப்பதில்லை. இடியோசை கருவைக் கொல்லாது. ஆனாலும் இந்த நம்பிக்கை உண்மையான ஓர் அனுபவத்திலிருந்து பிறந்ததாகவே தோன்றுகிறது. கோடை இடி இடிக்கும் சித்திரை, வைகாசியில் முட்டை அதிகம் கெடுவது மெய்தான். காரணம் வானத்தில் இல்லை, அடுக்களையில் இருக்கிறது.

கோழி ஈடு முடிக்கும் வரை முட்டைகளை இரண்டு வாரம் அடுப்படி மூலையில் சேர்த்து வைப்பார்கள். முட்டையிலுள்ள கரு ஏறத்தாழ 20, 25 டிகிரிக்குக் கீழேதான் வளராமல் அடங்கிக் கிடக்கும். 35 டிகிரியைத் தாண்டும் கோடை வீட்டில் அது அரைகுறையாக வளரத் தொடங்கி, முழுச் சூடு கிடைக்காமல் செத்துப்போகும். அடைக்கு வைக்கும் முன்பே அந்த முட்டை கெட்டுவிட்டது. பின்னால் இடித்த இடி பழியை ஏற்கிறது. ஈர மணலில் பாதி புதைத்த மண்சட்டியில், கூர்முனை கீழே இருக்கும்படி முட்டைகளை அடுக்கித் துணி மூடி வைத்தால் சூடு வெகுவாகக் குறையும். அப்படியும் ஒரு வாரத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. கோடையில் நான்கைந்து நாளே அளவு.

தீட்டுப் பேச்சுக்கு எந்த அடிப்படையும் இல்லை. மாதவிலக்கான பெண் தொட்டால் முட்டை கெடும் என்பது, வீட்டில் கோழிக்குத் தீனி வைத்து, கூடு கூட்டி, குஞ்சு காப்பாற்றும் பெண்கள் மேலேயே பழியைப் போடுகிற பேச்சு. ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியே கிருமி போவது உண்டு. அழுக்குக் கை யாருடையதானாலும் முட்டைக்கு ஆகாது. சுத்தமான கை யாருடையதானாலும் ஆகும். முட்டையைத் தண்ணீரில் கழுவுவதும் கெடுதலே. கோழி இடும்போது ஓட்டின்மேல் காயும் மெல்லிய பூச்சு அந்தத் துளைகளை அடைத்துக் காக்கிறது. கழுவினால் அது போய்விடும்.

“கூர்முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை”

கோழியினத்தில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தாயின் குரோமோசோம். ஓடு உருவாகும் முன்பே அது முடிவாகிவிடும். வடிவம் முட்டைக்குழாயில் அமைவது. ஒரு கோழி ஆயுள் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே வடிவத்தில்தான் முட்டையிடும். அந்த ஒரே வடிவ முட்டைகளிலிருந்து சேவலும் பெட்டையும் கலந்தே பொரிக்கின்றன.

“எவ்வளவு முட்டை வைத்தாலும் கோழி பார்த்துக்கொள்ளும்”

ஒற்றைப்படையில் வைக்க வேண்டும் என்பதில் பலனும் இல்லை, தீங்கும் இல்லை. கணக்குப் பார்க்க வேண்டியது வயிறு மூடும் அளவைத்தான். நடுத்தரமான நாட்டுக்கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு. கோழி முட்டைகளை நாளெல்லாம் உருட்டி, ஓரத்தில் உள்ளதை நடுவுக்கும் நடுவில் உள்ளதை ஓரத்துக்கும் மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் கூடுதலாக நான்கு வைத்தால் கெடுவது அந்த நான்கு மட்டும் அல்ல. ஒவ்வொன்றும் முறை வைத்துக் குளிர்ந்து பலவும் கெடும். மற்றக் கோழிகளும் அதே கூட்டில் வந்து இட்டுவிட்டுப் போகும் என்பதால், வைத்த முட்டைகளில் பென்சிலால் கோடு போட்டு, கோடில்லாததை அன்றன்றே எடுத்துவிட வேண்டும்.

ஏழாம் நாள் இரவு இருட்டறையில் முட்டையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்து, அகன்ற முனையில் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே நடப்பது தெரியும். நடுவில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து சிலந்திக் கால்போல நாலாபக்கமும் ஓடும் சிவப்பு நரம்புகள் இருந்தால் கரு உயிரோடு இருக்கிறது. நரம்பின்றி மஞ்சள் வெளிச்சம் மட்டும் என்றால் கரு கூடாத முட்டை. சிவப்பு வளையம் ஒன்று மட்டும் நின்றால் கரு தொடங்கிச் செத்தது. இவை இரண்டையும் கூமுட்டை என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் காரணம் குழம்புகிறது. முதலாவது பெரும்பாலும் சேவல் பக்கத்துக் குறை. இரண்டாவது பெரும்பாலும் சேமிப்பிலோ சூட்டிலோ நேர்ந்த குறை. இரண்டையும் அன்றே அகற்றிவிடலாம்.

“21 நாள் ஆனால் உடைத்து எடுத்துவிட வேண்டும்”

21 நாள் என்பது கருவின் கணக்கு. கோழி நாள் எண்ணுவதில்லை. 28 நாள் ஆகும் வாத்து முட்டையையும் பொறுமையாக அடை காத்துப் பொரிக்கும். ஓட்டில் விரிசல் விழுந்த குஞ்சு, மீதி மஞ்சள் கருவையும் ஓட்டுச் சவ்விலுள்ள ரத்தத்தையும் உள்வாங்கிக்கொள்ள ஒரு நாள்வரை அசையாமல் இருக்கும். அவசரப்பட்டு உரித்தால் ரத்தம் கசிந்து சாகும். பொரித்த குஞ்சுக்கு அந்த மஞ்சள் கருவே இரண்டு நாள் தாங்கும் என்பதால், மீதி முட்டைகள் பொரியும்வரை தாயை எழுப்பத் தேவையில்லை.

கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று கேட்பார்கள். அகலமான இடத்தில் சாகாது. ஆழமான கூடையில், கனத்த கோழியின் அடியில், முதல் இரண்டு நாளில் நசுங்குவது உண்டு. பொரிப்பு முடிந்ததும் தட்டையான தரைக்கு மாற்றிப் பஞ்சாரத்தால் கவிழ்த்து வைப்பது நல்லது.

“கொத்துகிற கோழி கெட்ட கோழி”

கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. நார்வேயைச் சேர்ந்த தோர்லெய்ஃப் ஷெல்டெருப்-எப்பே சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெழுதி, 1920களின் தொடக்கத்தில் இதை உலகுக்கு விளக்கினார். மேலே உள்ளது முதலில் தின்னும், உயரமான கிளையில் உறங்கும். கீழே உள்ளது விலகி நிற்கும். வரிசை நிலைத்துவிட்ட கூட்டத்தில் ஒரு முறைப்பே போதும், ரத்தம் வராது. நடுவில் புகுந்து பிரித்துக்கொண்டே இருந்தால் வரிசை நிலைக்காமல் சண்டைதான் நீளும்.

ரத்தம் தெரிந்துவிட்டால் நிலைமை வேறு. சிவப்பைக் கண்ட இடத்தையே எல்லாம் கொத்தும், சாகும்வரை விடாது. காயம்பட்டதை உடனே தனியே எடுத்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி, புண் ஆறியபின் சேர்க்க வேண்டும். நெருக்கடி, ஒரே தீனித் தட்டு, ஒரே தண்ணீர்க் கிண்ணம் ஆகியவையே பெரும்பாலான சண்டைகளின் மூலம். தட்டை இரண்டாக்கித் தள்ளி வைத்தாலே பாதி அடங்கும்.

புதுக்கோழியை இருட்டில் கொண்டுபோய் விட்டால் பழையவை ஏற்றுக்கொள்ளும் என்பது அரை உண்மை. இரவு அமைதியாகக் கழியும். விடிந்ததும் முகமும் கொண்டையும் அடையாளம் தெரியாமல் பாய்ந்துவிடும். முதலில் இரண்டு மூன்று வாரம் தொலைவில் வைத்து நோய் இல்லை என்று பார்ப்பது, பிறகு ஒரு வாரம் வலைத்தடுப்புக்கு அந்தப்பக்கம் கண்ணில் படும்படி வைப்பது, அதன்பின் சேர்ப்பது என்பதே சரியான முறை. ஒற்றைக்கோழியைவிட இரண்டு மூன்றாகச் சேர்த்தால் அடி பகிர்ந்துபோகும். இரண்டு சேவல் ஓரிடத்தில் ஆகவே ஆகாது என்பதும் முழு உண்மை அல்ல. சேர்ந்தே வளர்ந்தவையாய், சேவலுக்குப் பத்துப் பெட்டை கணக்கில் இருந்தால் ஒத்துப்போவது உண்டு. சண்டை இனமான அசில் சேவல்களுக்கு இது பொருந்தாது.

பெட்டை கூவினால் குடும்பத்துக்கு ஆகாது என்று அந்தக் கோழியை அறுப்பதற்கும் காரணம் இல்லை. சேவல் இல்லாத கூட்டத்தில் வரிசையின் தலைப்பெட்டை சில சமயம் கூவும். கோழிக்கு இடப்பக்கச் சினைப்பை மட்டுமே வேலை செய்யும். அது பழுதானால் ஆண் ஹார்மோன் கூடி, கொண்டை பெருத்துக் கூவுவதும் உண்டு.

“குஞ்சைக் கொத்தி விரட்டும் தாய்க்குப் பாசம் போய்விட்டது”

மூன்று வாரம் ஒதுங்கி அடை காத்த கோழியைக் கூட்டம் அன்னியமாகவே பார்க்கும். அதனாலேயே அடைக் கூடையை மற்றவற்றின் கண்ணிலிருந்து முழுக்க மறைக்காமல் வைப்பது நல்லது. குஞ்சோடு திரும்பும் தாய் முன்னைவிடச் சீறும். வரிசையில் தனக்கு மேலிருந்தவற்றையும் விரட்டி இடம் பிடிக்கும். இரண்டு மூன்று மாதத்தில் உடம்பு மறுபடி முட்டைக்குத் தயாராகும்போது தன் குஞ்சுகளையே கொத்தி ஒதுக்கும். இளங்குஞ்சுகள் அன்றிலிருந்து வரிசையின் கடைசிப் படியில் நிற்கின்றன. பெரிய கோழி நுழைய முடியாத இடைவெளியுள்ள மூங்கில் படல் ஒன்றுக்குள் அவற்றுக்குத் தனியாகத் தீனி வைத்து வந்தால், வளர்ந்து கூட்டத்தில் இடம் பிடிக்கும்வரை பட்டினி கிடக்காது.