டிப்ஸ்டிக் நோட்டு

சிங்காநல்லூர்,
கோவை.
புரட்டாசி 18

அன்புள்ள தேன்மொழிக்கு,

பெரியப்பா எழுதுவது. அன்றைக்குப் போனில் நீ கேட்டது ஒரே கேள்விதான்: "வேகன்ஆருக்கு என்ன ஆயில் ஊத்தட்டும்?" ஒரு வார்த்தையில் சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆளைப் பார்க்காமல் மாத்திரை எழுதிக் கொடுப்பதும், வண்டியின் நிலை தெரியாமல் ஆயில் சொல்வதும் ஒன்று. போனில் பேசினால் நீ பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு மீதியை விட்டுவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உன் கைக்கு வந்திருப்பது 2007ஆம் வருஷத்து வண்டி. 1061 சிசி, நாலு சிலிண்டர். மீட்டரில் 1,63,000 கிலோமீட்டர். பதினைந்து வருஷம் முடிந்து எஃப்சி காட்டி ஆர்சி புதுப்பித்தபோதுகூட உன் அப்பன் அதை விற்க மனசு வராமல் வைத்திருந்தான். இப்போது கண் ஆபரேஷன் ஆனபிறகு சாவியை உன்னிடம் கொடுத்துவிட்டான். ஓசூரில் உன் வீட்டிலிருந்து கம்பெனி ஆறு கிலோமீட்டர் என்றாய். இந்த ஆறு கிலோமீட்டரை மறந்துவிடாதே, அதற்கு அப்புறம் வருகிறேன்.

கடைக்காரர் உனக்கு 20டபிள்யூ-50 எடுத்துக் கொடுத்தார் அல்லவா? "பழைய வண்டிக்கு கெட்டியா ஊத்தணும்மா" என்று. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானே பத்து வருஷம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நாங்கள் தொழில் கற்றது அம்பாசிடரிலும் பத்மினியிலும். அந்த எஞ்சின்களுக்குக் கெட்டி ஆயில் பழக்கம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபிறகு, உள்ளே இடைவெளி குறைவான, வேகமாகச் சுற்றுகிற சின்ன எஞ்சின்கள் பட்டறைக்குள் நுழைந்தன. எங்கள் கை மட்டும் பழைய டப்பாவுக்கே போய்க்கொண்டிருந்தது.

டப்பாவில் போட்டிருக்கும் எண்ணை முதலில் படிக்கக் கற்றுக்கொள். 5டபிள்யூ-30 என்றால், டபிள்யூ பக்கத்து எண் குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு. 5டபிள்யூவைப் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியில் சோதிப்பார்கள், 20டபிள்யூவைப் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில். மார்கழி ஓசூர் எவ்வளவு குளிர்ந்தாலும் அந்தப் பக்கம் போகாது. அப்படியானால் நமக்கு அந்த எண் எதற்கு என்று கேட்பாய். விடிகாலை ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பும்போது ஆயில் சம்ப்பில் கிடக்கிறது. பம்ப் அதை மேலே கேம் ஷாஃப்ட் வரை ஏற்றும் வரைக்கும் இரும்பும் இரும்பும் மிச்சசொச்ச ஆயிலில்தான் உரசுகின்றன. அந்த நேரத்தில் இளகின ஆயில் சீக்கிரம் ஏறும். எஞ்சினுக்கு இதைவிடக் கெட்ட நேரம் ஒரு நாளில் வேறு கிடையாது.

பின்னால் இருக்கும் 30, 40, 50 எல்லாம் ஆயில் சூடானபிறகு. 100 டிகிரியில் அளப்பார்கள். 30 என்று போட்ட ஆயில் 9.3இலிருந்து 12.5 வரை எங்கேயும் இருக்கலாம், 40 அங்கிருந்து 16.3 வரை, 50 அதற்கு மேல் 21.9 வரை. அலகு சென்டிஸ்டோக்ஸ். ஒரு கம்பெனியின் 30 பத்தில் இருக்கும், இன்னொன்றின் 30 பன்னிரண்டில். இந்த இரண்டாவது ஆயில் 40க்குப் பக்கத்து வீடு. கிரேடு மாற்றாமலே கொஞ்சம் கெட்டியாக்க இப்படி ஒரு வழி இருக்கிறது. ஆயில் கம்பெனிகள் வெளியிடும் விவரத்தாளில் இந்த எண் இருக்கும். நீ கம்ப்யூட்டரில் தேடி எடுத்துவிடுவாய், நான்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு தடவுவேன்.

"நம்ம ஊர் வெயிலுக்கு 50தான் சரி" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். எஞ்சின் தண்ணீரைத் தெர்மோஸ்டாட் 80, 90 டிகிரிக்குள் பிடித்து வைத்திருக்கிறது, அது ஊட்டியானாலும் வேலூரானாலும். கத்திரி வெயிலில் டிராஃபிக்கில் நின்றால் கொஞ்சம் ஏறும், உண்மைதான். அதற்காக இரண்டு படி தாண்டத் தேவையில்லை.

கெட்டி ஆயிலின் பெருமை எனக்குத் தெரியாததல்ல. ஒருமுறை ஒருத்தர் பழைய கார் ஒன்றை வாங்கிக்கொண்டு நேராகப் பட்டறைக்கு வந்தார். "சத்தமே இல்லைங்க, புகையே இல்லைங்க" என்று சந்தோஷம். டிப்ஸ்டிக்கை உருவினேன், தேன் மாதிரி நூலாக இறங்கியது. விற்றவர் 20டபிள்யூ-50யோடு கெட்டியாக்கும் மருந்து ஒரு டப்பாவும் சேர்த்து ஊற்றியிருந்தார். சரியான ஆயில் மாற்றினதும் தேய்மானம் எல்லாம் காதுக்கும் கண்ணுக்கும் வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கெட்டி ஆயில் தேய்ந்த இடத்தை நிரப்பி, நோயைக் கொஞ்ச நாள் மூடி வைக்கும், அவ்வளவுதான்.

ஆகவே நீ முதலில் வாங்க வேண்டியது ஒரு நாற்பது பக்க நோட்டு. ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி சமதரையில் நிற்க, ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் டிப்ஸ்டிக்கை உருவி, துணியில் துடைத்து, மறுபடி முழுக்கச் சொருகி எடுத்துப் பார். மேல் கோட்டிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது, மீட்டர் எவ்வளவு, இரண்டையும் எழுது. குறைந்தால் அளந்து ஊற்று, எத்தனை மில்லி என்று எழுது. மேல் கோட்டைத் தாண்டி ஊற்றாதே, ஆயிலைக் கிராங்க் கடைந்து நுரையாக்கிவிடும். ஆயிரம் கிலோமீட்டருக்கு 200 மில்லி குறைந்தால் இந்த வயசு வண்டிக்கு நான் கவலைப்பட மாட்டேன். அரை லிட்டர் என்றால் எங்கே போகிறது என்று தேடுவேன். ஒரு லிட்டர் என்றால் எந்த ஆயிலும் உதவாது, கை வைக்க வேண்டியதுதான்.

எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க உனக்குக் கடவுள் ஒரு இடம் கொடுத்திருக்கிறார்: தொப்பூர் கணவாய். ஓசூரிலிருந்து ஊருக்கு வரும்போது தர்மபுரி தாண்டி அந்த இறக்கத்தில் கியரிலேயே, ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமல் மெதுவாக இறங்கு. அங்கே லாரிகள் என்ன பாடு படுகின்றன என்று உனக்கே தெரியும், ஜாக்கிரதை. இறக்கம் முடிந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பக்கத்தில் இருப்பவரைப் பின்னால் பார்க்கச் சொல். நீலமாக ஒரு கொத்துப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் காய்ந்திருக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வரும் நீலப் புகைக்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். திரும்பிப் போகும்போது அதே கணவாயை ஏறுகையில், பாரம் இழுக்க இழுக்க நீலப் புகை விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங். சீல் ரப்பர் சாமான், எஞ்சினை இறக்காமலே மாற்றலாம். ரிங் பெரிய செலவு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, சீலுக்கு முடிகிற வண்டிக்கு "எஞ்சின் வேலை வந்தாச்சு" என்று சொல்பவர்கள் உண்டு.

புகையே இல்லாமல் ஆயில் குறைகிறதா? அப்போது பெரும்பாலும் கசிவு. வண்டி நிற்கும் இடத்தில் ராத்திரி ஒரு அட்டையை விரித்து வை. கேஸ்கெட்டைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பார்க்கச் சொல். கடகடவென்று ஆட வேண்டும். அடைத்துக்கொண்டால் எஞ்சின் வயிற்றுக் காற்று வெளியேற வழியில்லாமல் சீலையெல்லாம் பிதுக்கி ஆயிலைத் தள்ளும். சின்னச் சாமான்தான், அதை மாற்றாமல் நாலு கேஸ்கெட் மாற்றிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது உன் ஆறு கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் தண்ணீர் சூடாகிவிடும், ஆயில் முழுசாகச் சூடாகாது. உள்ளே வேர்க்கிற ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கும். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் பால் காபி நிறத்தில் ஆடை படிந்திருக்கும். பயந்துவிடாதே. ரேடியேட்டர் தண்ணீர் குறையாமல், டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்தால் அது குறைந்த ஓட்டத்தின் அடையாளம். வாரம் ஒருநாள் கிருஷ்ணகிரி வரை ஒரு ஓட்டு ஓட்டினால் காய்ந்துவிடும். தண்ணீரும் சேர்ந்து குறைந்தால் மட்டும் அன்றே எனக்குப் போன் செய். இந்த ஓட்டத்துக்கு 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாசம், எது முதலில் வருகிறதோ அதில் ஆயில் மாற்று. டப்பாவில் பத்தாயிரம் என்று போட்டிருக்கட்டும், அது உன் ஆறு கிலோமீட்டரைப் பார்த்து எழுதியதில்லை. ஆயில் கறுத்துவிட்டது என்பது மாற்றுவதற்குக் காரணம் ஆகாது. அழுக்கைக் கரைத்துப் பிடித்து வைத்திருப்பதால்தான் கறுக்கிறது.

கிரேடுக்கு அப்புறம் டப்பாவில் பார்க்க வேண்டியது ஏபிஐ எழுத்து. எஸ்ஸில் தொடங்கினால் பெட்ரோல், சியில் தொடங்கினால் டீசல். எஸ்எல் 2001இல் வந்தது, எஸ்எம் 2004, எஸ்என் 2010, எஸ்பி 2020. பெட்ரோலில் பின்னால் வந்த எழுத்து முன்னால் வந்ததன் வேலையையும் செய்யும். 2007 வண்டிக்கு எஸ்என் கிடைத்தாலே தாராளம். லாரிக்காரர்கள் வாங்கும் 15டபிள்யூ-40ஐ விலை குறைவு என்று நீட்டுவார்கள், அதில் எஸ் எழுத்தும் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதே. வீட்டில் மிச்சம் இருக்கும் பைக் ஆயிலையும் ஊற்றாதே, அது கிளட்ச்சும் கியரும் நனைகிற எஞ்சினுக்காகச் செய்தது.

மினரலா, செமியா, ஃபுல் சிந்தெடிக்கா? சிந்தெடிக் ஊற்றினால் பழைய சீல் ஒழுகும் என்பது பாதி கதை. நல்ல ஆயில் பழைய கசடைக் கழுவும்போது, அதுவரை கசடே அடைத்துக்கொண்டிருந்த ஓட்டை தெரியவரும். ஆயில் குறைகிற வண்டியில், ஆறு மாசத்துக்கு ஒருமுறை மாற்றப்போகிறவளுக்கு, ஃபுல் சிந்தெடிக் ரோட்டில் ஊற்றும் பணம். செமி சிந்தெடிக் போதும். அமெரிக்காவில் 75,000 மைல் தாண்டின வண்டிக்கென்றே ஆயில் விற்கிறார்கள், காய்ந்த ரப்பரைக் கொஞ்சம் ஊதவைக்கும் சேர்மானம் போட்டு. வியர்க்கிற சீலுக்கு உதவும், கிழிந்த சீலுக்கு உதவாது. ஃப்ளஷ் என்று ஒரு டப்பாவை ஊற்றிக் கழுவித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு. 1,63,000 கிலோமீட்டர் கசடு ஒரே நாளில் கழன்று ஆயில் பம்ப் ஸ்ட்ரெயினரில் போய் உட்கார்ந்தால், அன்றோடு பியரிங் முடிந்தது.

ஃபில்டருக்கு வருகிறேன். 1923இல் எர்னஸ்ட் ஸ்வீட்லண்ட் என்ற அமெரிக்கர் காருக்கு ஆயில் ஃபில்டர் செய்து பியூரொலேட்டர் என்று பெயர் வைத்தார். அதற்கு முன் கார்கள் அழுக்கோடுதான் ஓடின. உன் வண்டியில் இருப்பது தகரக் குடுவை. உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகிதம், அதோடு யாரும் பேசாத இரண்டு வால்வுகள். ஒன்று, எஞ்சின் நின்றதும் ஆயில் வடியாமல் பிடிக்கும் ரப்பர் தட்டு. மட்டமான ரப்பர் சீக்கிரம் விறைத்துப்போய், காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் இரண்டு மூன்று விநாடி டேப்பெட் கடகடக்கும். இன்னொன்று பைபாஸ். காகிதம் அடைத்துக்கொண்டாலோ, ஆயில் கெட்டியாகி உள்ளே நுழைய மறுத்தாலோ, அது திறந்து வடிகட்டாத ஆயிலை அப்படியே அனுப்பும். 20டபிள்யூ-50யும் மலிவு ஃபில்டரும் சேர்ந்தால், தினமும் காலையில் உன் எஞ்சின் அழுக்கு ஆயிலைக் குடிக்கும். ஆயிலில் மிச்சம் பிடி, ஃபில்டரில் பிடிக்காதே. பில்லோடு, தெரிந்த கடையில் வாங்கு. ஒவ்வொரு ஆயிலுக்கும் ஒரு ஃபில்டர், டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர்.

மாட்டும்போது பக்கத்தில் நில். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் சில சமயம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன் மேலேயே புதுசை மாட்டினான் என் பட்டறைப் பையன் ஒருவன். நான் பார்க்கவில்லை, என் தப்பு. அவிநாசி ரோட்டில் வளையம் பிதுங்கி, ஆயில் மொத்தமும் போய்விட்டது. சிவப்பு விளக்கு எரிந்ததும் வண்டிக்காரர் நிறுத்தினாரோ, பிழைத்தோம். அந்த விளக்கு ஆயிலின் அளவைச் சொல்வதல்ல, அழுத்தம் போய்விட்டதைச் சொல்வது. எரிந்தால் அடுத்த பங்க் வரை ஓட்டலாமா என்று யோசிக்காதே, அந்த இடத்திலேயே அணை. புது வளையத்தில் ஆயில் தடவி, கையால் திருகி, ரப்பர் தொட்டபிறகு முக்கால் சுற்று. ஸ்பானர் வேண்டாம்.

ஆயில் ஃபில்டரைவிட உன் எஞ்சினுக்கு ஆயுள் தருவது ஏர் ஃபில்டர் என்பேன். ரோட்டுத் தூசி மணல்தான். ரிங்கையும் சிலிண்டரையும் தேய்ப்பது அது. கம்ப்ரெசரில் காற்றடித்து அடித்தே ஒரே ஃபில்டரை ஓட்டுவார்கள். காகிதத்தில் விழும் ஊசி ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. புதுசு வாங்கு, பெட்டிக்குள் அதன் ரப்பர் விளிம்பு எல்லாப் பக்கமும் பதிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்.

காலி ஆயில் டப்பாவை ஓட்டை போட்டுத் தூக்கிப் போடு, இல்லாவிட்டால் அதே டப்பாவில் கண்ட எண்ணெயும் நிரம்பித் திரும்பக் கடைக்கு வரும். கழிவு ஆயிலைப் பட்டறையிலேயே விட்டுவிடு. கரையானுக்கு அடிக்க வேண்டும் என்று உன் அப்பன் கேட்பான், கொடுக்காதே. புற்றுநோய் உண்டாக்கும் சரக்கெல்லாம் அதில் இறங்கியிருக்கும்.

ஆக, என்ன ஆயில்? வண்டியின் கையேடு டேஷ்போர்டு பெட்டியில் கிடக்கும், அதில் போட்டிருக்கும் கிரேடில் தொடங்கு. தீபாவளிவரை நோட்டு எழுது. குறைகிற கணக்கைப் பார்த்து, 30இலேயே கெட்டியான ஒன்றா, 40க்கு ஏறுவதா என்று உட்கார்ந்து முடிவு செய்வோம். அதுவரை வழியில் குறைந்துபோனால் பங்க்கில் சர்வோவோ மேக்கோ எது கிடைக்கிறதோ ஊற்றிக்கொள், ஒன்றோடொன்று கலந்தாலும் கேடில்லை.

தீபாவளிக்கு வரும்போது எஞ்சினை வாட்டர் சர்வீஸ் பண்ணிப் பளபளவென்று கொண்டுவராதே. கசிவு எங்கே என்று எனக்கு அந்த அழுக்கில்தான் தெரியும். புது ஃபில்டர் ஒன்று வாங்கி வை, ஆயிலை இங்கேயே மாற்றுவோம். பழைய ஃபில்டரை ஹேக்சாவால் அறுத்தால் அதன் தூளே உள்ளே விழுந்து ஏமாற்றும். என்னிடம் தகரம் வெட்டும் கத்திரி இருக்கிறது. காகிதத்தை விரித்து, வெயிலில் பிடித்து, ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்ப்போம். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் மினுங்கினால் பியரிங்.

பெரியம்மா உனக்கு அரிசிமுறுக்கு எடுத்து வைத்திருக்கிறாள்.

உன்,
பெரியப்பா