தானியமும் எண்ணெயும்

கள்ளக்குறிச்சி,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பெரியம்மாவின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முந்தின நாளே சேதி சொல்லிவிடுகிறது.

நீ அனுப்பிய நோட்டு ஆடியிலேயே கைக்கு வந்தது. ஐப்பசி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. பதினாலு நாவல்களுக்கு நட்சத்திரம் போட்டு அபிப்பிராயம் எழுதியிருந்தாய். நாவலைப் படிக்காமல் அபிப்பிராயத்துக்கு அபிப்பிராயம் சொல்வது எனக்குப் பிடிக்காது. நீ பரண்மேல் போட்டுவிட்டுப் போன அட்டைப்பெட்டியை இறக்கி, லிஃப்கோ அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ‘ஹங்கர் கேம்ஸ்’ மூன்று பாகமும் ‘டைவர்ஜென்ட்’ முதல் பாகமும் முடிந்தன. ஒரு பக்கத்துக்கு ஆறு தடவை அகராதி. மற்றவற்றைப் பற்றி நான் வாய் திறக்கப்போவதில்லை.

முதலில் உன் நட்சத்திரம். மூன்றரை என்றால் என்ன கணக்கு அது? தக்காளிக்கா விலை வைக்கிறாய்? ‘உலகக் கட்டமைப்பு சூப்பர்’ என்று ஒன்பது புத்தகத்துக்கு எழுதியிருக்கிறாய், எண்ணினேன். எது சூப்பர், எந்த இடத்தில் என்று சொல்லாவிட்டால் அந்த ஒன்பதும் ஒரே புத்தகமாகிவிடும்.

நான் இருபத்தேழு வருடம் ரேஷன் கடையில் எடை போட்டவன். அதில் ஆறு வருடம் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம். அதனால்தானோ என்னவோ, நீ இரண்டே வரியில் தாண்டிப் போன இடத்தில் எனக்குக் கை நடுங்கியது. ‘ஹங்கர் கேம்ஸ்’ கதை நடக்கிற பானெம் நாட்டில் பன்னிரண்டு வயதானால், ஒருவரையொருவர் கொல்லும் போட்டிக்கு ஆள் எடுக்கிற குலுக்கலுக்குப் பிள்ளைகளின் பெயர் போகிறது. அதற்குமேல் ஒரு சீட்டு கூடுதலாகப் போடச் சம்மதித்தால், ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கான தானியமும் எண்ணெயும் கொடுப்பார்கள். வீட்டில் எத்தனை தலையோ அத்தனை சீட்டு வரை போடலாம், அதுவும் வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும். பதினாறு வயதில் கதாநாயகி காட்னிஸுக்கு இருபது சீட்டு, பதினெட்டில் அவள் நண்பன் கேலுக்கு நாற்பத்திரண்டு. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கூடுதல் சீட்டு எதற்கு? குலுக்கல் எல்லோருக்கும் பொது என்றுதான் சட்டம் சொல்கிறது. சாவு மட்டும் அரிசிப் பானையைப் பார்த்து வருகிறது. அம்பு, நெருப்பு உடை, காதல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டாலும் இந்த ஒரு ஏற்பாடு போதும், அந்த நாடு எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

இதைப் படித்த ராத்திரி எனக்குச் செம்மரம்தான் ஞாபகம் வந்தது. 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் இருபது பேர் சுடப்பட்டுச் செத்தார்கள். பெரும்பாலோர் நம் பக்கத்து மாவட்டங்களிலிருந்து கூலிக்குப் போன ஏழைகள், மலைக்காரர்கள். செம்மரம் வெட்ட வந்தால் என்று, ஊரில் கிடைக்காத கூலியைப் புரோக்கர் கையில் காட்டுவான். போனால் என்ன ஆகலாம் என்பது போகிறவனுக்கும் தெரியும். அதுவும் கூடுதல் சீட்டுதானே, பாப்பா?

இப்போது நீ எழுதிய இன்னொரு வரிக்கு வருகிறேன். ‘நம்ம ஊரில் இப்படியெல்லாம் கதைக்கு எதுவும் இல்லை.’ இதற்குத்தான் முக்கியமாகக் கடிதம். நம் வீட்டு மாடியில் ஏறினால் மேற்கே தெரிகிறதே அந்தக் கல்வராயன் மலை, அது சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகிர்களாக, அதாவது அவரவர் ஆளுகிற நிலமாக, இருந்தது. தேசத்துக்கு 1947-இல் சுதந்திரம் வந்தது. மலையில் ஜாகிர் ஆட்சி ஒழிந்தது 1976-இல். ஓட்டுப் போடும் உரிமை போய்ச் சேர 1996 ஆனது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அந்த மக்களின் நிலை பற்றி வழக்கு எடுத்தபோது, பட்டணத்துக்காரர்கள் இதைக் கேட்டு வாய் பிளந்தார்கள். நான் கடையில் இருந்தபோது அட்டை நீட்டிய கிழவர்களில் பலர் ஜாகிர்தார் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்த நாட்களைச் சொல்லியிருக்கிறார்கள். கோபமாகச் சொல்ல மாட்டார்கள். மழை பெய்த வருடத்தைச் சொல்வது போலச் சொல்வார்கள். நீ படிக்கிற நாவல்களில் கொடுங்கோல் அரசு எப்போதும் இனிமேல் வரப்போவது. இங்கே அது பஸ்ஸில் போய்ப் பார்க்கிற தூரத்தில், போன தலைமுறையில்.

மாயாஜாலம் வேண்டுமென்றால் அதுவும் அங்கேயே இருக்கிறது. அந்த மலையில் இருப்பவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளம் என்று நினைத்துவிடாதே, அவர்கள் தமிழ் பேசும் மலைமக்கள். காஞ்சிபுரத்திலிருந்து கரிராமன் சாமியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்ட அண்ணன் தம்பி மூவர், ஆளுக்கொரு மலையாகச் சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று பிரிந்து போனார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. நீ ஐந்து நட்சத்திரம் போட்ட ‘சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்’ எழுதிய டோமி அடெயெமி என்ன செய்திருக்கிறார்? உன் குறிப்பிலிருந்தே தெரிகிறது, தன் முன்னோர்களான யொரூபா மக்களின் சாமிகளையும் பேச்சையும்தான் எடுத்திருக்கிறார். அங்கே அமெரிக்காவில் உட்கார்ந்து அந்தப் பெண் நைஜீரியாவைத் தேடிப் போகிறது. உனக்கு மலை மேற்கே நிற்கிறது.

‘டைவர்ஜென்ட்’ எனக்கு ஒப்பவில்லை. பதினாறு வயதில் ஐந்து பிரிவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம், அதற்கு அத்தனை நடுக்கம். பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும்போது நம் வீட்டில் நடந்ததைவிடவா? பிறந்த அன்றே பிரித்து வைத்துவிடுகிற ஊரிலிருந்து படிக்கிறவனுக்கு, தேர்ந்தெடுக்க விடுகிறார்களே என்றுகூடத் தோன்றுகிறது. எந்தப் பிரிவிலும் சேராதவர்கள் பஸ் ஓட்டுகிறார்கள், குப்பை அள்ளுகிறார்கள். கதை அவர்களிடம் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் நானும் நின்றிருப்பேன். நீ நாலு நட்சத்திரம் போட்டிருக்கிறாய். போட்டுக்கொள், ஆனால் குப்பை அள்ளுகிறவரைப் பற்றி ஒரு வரியாவது எழுது.

‘ஹங்கர் கேம்ஸ்’ மூன்றாம் பாகமான ‘மாக்கிங்ஜே’யை நீ ‘போர்’ என்று தள்ளியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காட்னிஸ் ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிறாள், ஒன்றும் செய்வதில்லை என்கிறாய். இரண்டு தடவை அந்தக் களத்துக்குள் போய் வந்த பெண் எழுந்து குதிப்பாளா? கலகக்காரர்கள் ஜெயித்ததும் அவர்கள் தலைவி காயின் என்ன கேட்கிறாள் பார். தலைநகரத்துப் பிள்ளைகளை வைத்துக் கடைசியாக ஒரு போட்டி நடத்தலாமா என்று, முந்தைய போட்டிகளில் ஜெயித்து மிஞ்சியிருப்பவர்களிடம் ஓட்டு எடுக்கிறாள். அந்தப் பக்கத்தை மறுபடி படி. ஜெயித்த கட்சியைச் சந்தேகப்படத் துணிந்த புத்தகத்தை மெதுவாகப் போகிறது என்று குறைசொல்லாதே.

தமிழில் இப்படி எழுத ஆளில்லை என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1980களில் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது. சுஜாதா கதையை 2021-க்குத் தள்ளி வைத்திருந்தார். எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர், பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்கத்திடம் அனுமதி, ஜீனோ என்று ஒரு இயந்திர நாய். எங்கள் தெருவில் ஒரே விகடன் ஏழு வீடு சுற்றும். கடைசியாக என்னிடம் வரும்போது தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, சணல் நூலால் தைத்து வைத்தேன். அந்த பைண்டு இன்னும் இருக்கிறது, நடுவில் மூன்று வாரம் இல்லை. யார் வீட்டில் பஜ்ஜி எண்ணெய் குடித்ததோ. அந்தக் கதையில் நாட்டை ஆளும் ஜீவா யார் என்பதை மட்டும் உனக்குச் சொல்ல மாட்டேன். அந்த 2021 வந்து போய்விட்டது, எது பலித்தது எது பலிக்கவில்லை என்று நீயே குறித்து அனுப்பு.

மேற்கொண்டு எழுதலாமா என்று கேட்டிருந்தாய். எழுது. நட்சத்திரத்தை விட்டுவிட்டு எழுது. ஒவ்வொரு நாவலிலும் அந்த நாட்டில் அடுப்பு எப்படி எரிகிறது, மூட்டை யார் தலையில் இருக்கிறது, பேரேடு யார் கையில் என்று தேடு. அது இல்லாத நாவலில் டிராகன் எத்தனை பறந்தாலும் என் கணக்கில் எடை குறைவுதான். ரொம்ப நாள் தராசோடு இருந்தவன் புத்தி, கொஞ்சம் கோணலாகவும் இருக்கலாம். உனக்கு டிராகன் பிடித்தால் பிடித்திருக்கட்டும், எனக்காக மாற்றிக்கொள்ளாதே. ஏன் பிடித்தது என்பதை மட்டும் பூசாமல் எழுது.

தீபாவளிக்கு வருகிறாய் அல்லவா? மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வெள்ளிமலைக்குப் போவோம். கடுக்காய் பொறுக்கிக் காயவைக்கிற பாட்டிமார் இரண்டு மூன்று பேர் இன்னும் என்னை ‘எடைக்காரரே’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர்களிடம் ஜாகிர் காலத்தைப் பற்றி நேரே கேட்டுவிடாதே. முதலில் சாமைச்சோறு சாப்பிடு, அவர்களாகவே பேசுவார்கள். ரெக்கார்டரைப் பைக்குள்ளேயே வை. பேனா மட்டும் போதும்.

‘ஹங்கர் கேம்ஸ்’ இரண்டாம் பாகம் ‘கேட்சிங் ஃபயர்’ அட்டை பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. பெரியம்மாவிடம் மைதா கேட்டுப் பசை காய்ச்சி ஒட்டி, அம்மிக்கல்லுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா